மிக்தாலியாவுக்குத் தொண்ணூத்தியொரு மார்க்

நல்லாருக்கேன் மிஸ், கடவுள் புண்ணியத்துல.

இருங்க இருங்க, அத எழுதிறாதீங்க. அது பதில் இல்ல, வாய் தானா சொல்றது. இந்த ஊர்ல யார்ட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும் அதான் வரும். கால ஒடிச்சுக்கிட்டு ரோட்டோரம் கெடக்குறவன்ட்ட போய்க் கேளுங்க, நல்லாருக்கேன், கடவுள் புண்ணியம்பான். அப்புறந்தான் ஆம்புலன்ஸ் வருதான்னு கேப்பான். எழுதிட்டீங்களா? பேனாவாலயா? சரி, மேல ஒரு கோடு போட்டு அடிச்சிருங்க. அந்த மொதக் கேள்விய கடைசில வச்சுக்குவோம். பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்குன்னுதான? அஞ்சு கட்டம் இருக்கும். ரொம்ப நல்லது, நல்லது, பரவால்ல, சுமார், மோசம். எனக்குப் பாக்காமயே தெரியும். எங்க தங்கச்சி மிக்தாலியாவுக்கு இதே பேப்பர்தான் போன வருஷம் வந்துச்சு. நீங்க வரல. வேற ஒருத்தரு, டை கட்டினவரு.

உக்காருங்க மிஸ். அந்த நாற்காலி வேணாம், அது கோழி உக்கார்றது. இதுல உக்காருங்க.

என்ன, வண்டியப் பாக்குறீங்களா? நம்ம வண்டிதான். மேல நாலு ஸ்பீக்கரு, உள்ள ஒரு மைக்கு. சூப்பர் மார்க்கெட்ல கோழிக்கால் தள்ளுபடின்னா நான்தான் சொல்லணும். நாளைக்குக் குழாய்ல தண்ணி வராதுன்னா நான்தான். யாராவது செத்துட்டா கண்டிப்பா நான்தான். இருவத்திரெண்டு வருஷமா இந்த அகுவாதா ஊர்ல என் குரல் கேக்காம ஒருத்தரும் மண்ணுக்குள்ள போனதில்ல. ஓட்டுறது என் வீட்டுக்காரி அவில்தா. எனக்கு ஸ்டியரிங்குக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. சேதிய மட்டும் பெரிய எழுத்துல எழுதி, மூக்குக்கிட்ட வச்சு, பூதக்கண்ணாடில படிச்சிருவேன். எங்க வீட்டுல பொறந்தவங்கள்ல எனக்குத்தான் கண்ணு நல்ல கண்ணு, பாத்துக்கங்க. மிக்தாலியாவுக்கு அந்தக் கண்ணாடி குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான்.

முடி வயசானதால வெளுத்ததில்ல. நாப்பத்து மூணுதான் ஆகுது. பொறந்தப்பவே தலை வெள்ள, தோலு வெள்ள. அலைல ஏறி விளையாடுறதுக்குக் கடற்கரைக்கு வர்ற அமெரிக்காகாரங்க என்னை அவங்க ஆளுன்னு நெனச்சு இங்கிலீஷ்ல வழி கேப்பாங்க. நான் கைய நீட்டி ஏதோ ஒரு பக்கம் காட்டுவேன். எனக்கே தெரிஞ்சாத்தான.

இருங்க, ஒரு நிமிஷம்.

இல்ல இல்ல, மூச்சு வாங்கல. சும்மா நிறுத்துனேன். மனுசன் பேச்சுக்கு நடுவுல நிறுத்தக் கூடாதா? ம், சரி. மூச்சுதான் வாங்குது. எழுதிக்கங்க. உண்மைய சொல்றேன்னு அவில்தாவுக்கு வாக்குக் குடுத்துருக்கேன். காலைலயே சொல்லிட்டா, இன்னிக்கு அந்தப் பொண்ணுட்ட பொய் சொன்ன, ஒனக்கு காபில உப்புதான்னு. இப்பவும் அடுப்படி ஜன்னல்கிட்டதான் நிக்கிறா. பாத்திரம் கழுவுறாளாம். ரெண்டே ரெண்டு பாத்திரத்த அரை மணி நேரமா கழுவுறா.

பேப்பர் மேல அரிய நுரையீரல் நோய்னு போட்டுருக்கீங்க. உலகத்துல பல லட்சம் பேருல ஒருத்தருக்குத்தான் வரும்ன்றீங்க. இருக்கட்டும். எங்க மேட்டுத் தெருவுல மட்டும் மூணு வீட்டுல இருக்கு. சர்ச்சுக்குப் பின்னால ரெண்டு வீடு. எங்களுக்கு அரிதுன்னா அது பல்லு புடுங்குற டாக்டர்தான். ரத்தம் நிக்காதுன்னு தெரியும்ல, எங்க வெள்ளத் தலையப் பாத்தாலே இன்னிக்கு லீவுன்னு சொல்லிருவாங்க. சின்னதுல கண்ணு. அப்புறம் தொட்ட எடமெல்லாம் ரத்தக்கட்டு. நாப்பதுக்கிட்ட வந்தா நுரையீரலு. நனைஞ்ச ஸ்பாஞ்ச வெயில்ல போட்டு மறந்துட்டா எப்படி இருக்கும், அப்படி ஆகுதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்கு மருந்து கெடையாது. வேற நுரையீரல் வச்சாத்தான். அத வைக்கிற ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவுல.

ஆமா, அதுவும் தெரியும். அவில்தாட்ட டாக்டர் வெவரமாச் சொல்லிட்டாரு. இந்த முப்பத்தாறு கேள்விக்கும் சேத்து நூத்துக்கு மார்க்கு. அம்பதுக்குக் கீழ வந்தா என் ஃபைல அந்தப் பக்கத்துக்கு அனுப்புவாங்க, வரிசைல பேரு ஏறும். மேல வந்தா ஃபைலு இங்கயே அலமாரில இருக்கும். பாஸாகணும்னா ஃபெயிலாகணும். நான் ஸ்கூல்ல படிச்சப்ப இந்த முறை இருந்துருந்தா எங்கயோ போயிருப்பேன்.

கேளுங்க, ரெண்டாவதுலருந்து.

என்னது, பனியா? தோட்டத்துல மண்ணு வெட்டுறதோ பனி அள்ளுறதோ உங்களுக்கு எவ்வளவு சிரமமா இருக்கு. மிஸ், நான் பனிய ஃப்ரிட்ஜுக்குள்ள பாத்துருக்கேன். இந்த ஊர்ல பனி அள்ளுறது ஒரே ஒருத்தருதான். ஊர் நடுப் பிளாசாவுல ஐஸ் சீவி சர்பத் ஊத்தி விக்கிற மொன்ச்சோ அண்ணன். அவரு நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. நான் என்ன போடுறது? சிரமமே இல்லன்னு போட்டா ஒரு மார்க்கு ஏறிரும். டை கட்டினவரு பேப்பர்லயும் இந்தப் பனி இருந்துச்சு, அதுலயும் சிரமமே இல்லன்னுதான் விழுந்துச்சு. எனக்குப் பொருந்தாதுன்னு ஒரு கட்டம் இல்லயா? இல்ல. சரி, மண்ணு வெட்டுறத வச்சுப் பாருங்க. அந்த மூலைல கெடக்கு பாருங்க மம்பட்டி, அதத் தூக்கவே முடியல. எழுதிக்கங்க.

மாடிப்படி ஏறுறது. இப்ப எங்களுக்கு மாடி இல்லாத மாதிரிதான். இருந்துச்சு, போன வருஷம் வரைக்கும் மேல படுத்துருந்தோம். இப்ப கீழ படுத்துக்கிறோம், மேல வெங்காயம் காய வச்சுருக்கு. அதனால ஏறுறதுல சிரமம் இல்ல. ஏறுறதில்லயே. இதான் மிஸ், உங்க பேப்பர்ல ஒரு ஓட்ட இருக்கு. ஒண்ணொண்ணா விட்டுட்டா சிரமமும் ஒண்ணொண்ணாக் கொறையுது. கடலுக்குப் போறத விட்டேன், அந்தச் சிரமம் போச்சு. டான்ஸ விட்டேன், அதுவும் போச்சு. முழுசா எல்லாத்தயும் விட்டுட்டு படுத்துக்கிட்டா நூத்துக்கு நூறு. இத உங்க பெரியவங்கட்ட சொல்லுங்க. ஆங், இப்ப ஏறச் சொன்னா நாலாவது படில உக்காந்துருவேன். அதப் போடுங்க.

மூச்சப் பத்திக் கவலைப்படுறீங்களா. கரண்டு போறப்பதான். அந்த ஆக்சிஜன் மெஷினு கரண்டுல ஓடுறது. எங்க தீவுல கரண்டு எப்ப போகும், எப்ப வரும்னு உங்களுக்கும் தெரியும்ல, தலைநகரம் ஸான் ஹுவான்லயும் அதே கதைதான? பெரிய புயல் வந்தப்ப ஏழு மாசம் இல்ல. ஜெனரேட்டர் இருக்கு. அவில்தா அதுக்கு ஒரு பேரு வச்சு, தெனமும் பேசி எண்ணெய் ஊத்துறா. என்னவிட அதுக்குத்தான் கவனிப்பு. வாரத்துல எத்தன தடவன்னு கேக்குறீங்க. எத்தன தடவ கரண்டு போச்சோ அத்தன தடவ.

குடும்பத்துக்குப் பாரமா இருக்கிறதா நெனச்சீங்களா. இத மெதுவாக் கேளுங்க மிஸ், ஜன்னல்கிட்ட ஆளு நிக்குது.

நெனச்சேன்.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன். உங்க முப்பத்தாறுல நான் எதிர்பாத்த கேள்வி ஒண்ணு இல்ல. ஒரு சாவு சேதிய எத்தன மூச்சுல படிச்சு முடிக்கிறீங்க? அதான் சரியான அளவு. எங்க சேதி எப்படிப் போகும்னா, மொதல்ல பேரு, ரெண்டு குடும்பப் பேரோட. அப்புறம் பட்டப்பேரு. பட்டப்பேர விட்டா யாருக்கும் தெரியாது. ஒருதடவ ஃபிரான்சிஸ்கோ ஹவியேர் அப்படி இப்படின்னு முழுப்பேரு மட்டும் படிச்சுட்டேன், எளவுக்கு எட்டே பேரு. மறுநாளு, நம்ம வாத்து செத்துட்டாரு மக்களேன்னு சொன்ன பெறகுதான் ரோடே நெறஞ்சுச்சு. அப்புறம் பெண்டாட்டி, புள்ளைங்க, மருமக்க, பேரப்புள்ளைங்க, எந்த எடத்துல வச்சுருக்கு, எத்தன மணிக்கு எடுக்குறாங்க. முன்னாடியெல்லாம் பேரப்புள்ளைங்க வரைக்கும் ஒரே மூச்சு. அப்புறம் புள்ளைங்களோட நின்னுச்சு. அப்புறம் பெண்டாட்டி. இப்ப பட்டப்பேரு முடிஞ்சதும் நின்னு மூச்சு இழுக்கணும். அதுக்கு ஏத்த மாதிரி அவில்தா வண்டிய மெதுவா உருட்டுறா. பின்னால வர்றவன் ஹாரன் அடிப்பான். எளவு வண்டின்னு தெரிஞ்சதும் தொப்பியக் கழட்டுவான்.

இதுல கூத்து என்னன்னா, நான் அப்படி நடுவுல நின்னு இழுக்குறத ஊரு அழுகன்னு நெனச்சுருச்சு. எரிபெர்த்தோன்னா நான்தான்; எங்கப்பா பேரச் சொல்றப்ப எரிபெர்த்தோவுக்குத் தொண்ட அடைச்சுருச்சும்மான்னு எளவு வீட்டுக்காரங்க பேசிக்கிறாங்க. செத்த அந்த மனுசன நான் பாத்ததே இல்ல. இப்ப பக்கத்து ஊர்லருந்தெல்லாம் கூப்பிடுறாங்க, எங்க அம்மாவுக்கும் நீங்கதான் வந்து படிக்கணும்னு. நுரையீரல் போகப் போக எனக்கு நல்ல பேரு. இத எந்தக் கட்டத்துல போடுவீங்க?

அவ பேப்பரா? மிக்தாலியாவோடதா? ஆமா, அவளுக்குத் தொண்ணூத்தியொண்ணு. உங்க கைல இருக்கிற அந்தக் கட்டுலயே இருக்கா? இருக்கும். ஸ்கூல்ல அவ வாழ்நாள்ல அவ்வளவு வாங்குனதில்ல.

யாரு நெரப்புனாங்கன்னா... வீட்லதான். கூட்டம் மிஸ் அன்னிக்கு. அது வேற ஒண்ணுமில்ல, அவளுக்கு ஏழு வயசுல பல்லு விழுந்துச்சு. எல்லாப் புள்ளைக்கும் விழுறதுதான். அவளுக்கு மூணு நாளு ரத்தம் நிக்கல. எங்கம்மா, கொழந்த ஏசுவப் பாக்க வந்த மூணு ராஜாக்கள் சொரூபத்துக்கு முன்னால முட்டி போட்டு நேந்துக்கிட்டாங்க. புள்ள பொழச்சா வருஷா வருஷம் ஜனவரில ராஜாக்கள் திருநாள்ல ஊரக் கூட்டி, செபமாலை பாடி, எல்லாருக்கும் சோறு போடுறேன்னு. நாலாம் நாள் ரத்தம் நின்னுச்சு. முப்பத்து மூணு வருஷமா போட்டோம். அம்மா போன பெறகு நானும் மிக்தாலியாவும் போட்டோம். துவரை போட்ட சோறு, பன்னிக்கறி, வாழைக்காய அரைச்சு இலைல கட்டி வேக வச்ச பஸ்தேல். சோறு அவதான் ஆக்குவா. ஸ்கூல் சமையக்காரி, இருநூறு பேருக்கு ஒத்தக் கைல கிண்டுவா. போன வருஷம் கிண்டல. அடுப்புக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, உப்பு போடு, தண்ணி ஊத்துன்னு கையாலயே காட்டிக்கிட்டு இருந்தா. பேசுனா மூச்சு செலவாகும்ல.

அன்னிக்குப் பாத்து டை கட்டினவரு வந்து நிக்கிறாரு. லீவு நாளு, எல்லாரும் வீட்ல இருப்பாங்கன்னு வந்தாராம். இருந்தோம். அம்பது பேரு இருந்தோம். கித்தார் ஒரு பக்கம், தாளத்துக்குச் சுரைக்குடுக்கைய சொரண்டுறவரு ஒரு பக்கம். வந்தவர சாப்பிடச் சொல்லாம இருக்க முடியுமா? தட்டக் குடுத்தோம். அவரு பேப்பரக் குடுத்தாரு. நீங்களே நெரப்பி வைங்க, சாப்பிட்டுட்டு வாங்கிக்கிறேன்னாரு. மூணு தடவ சாப்பிட்டாரு, நல்ல மனுசன்.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. அம்பது பேரும் எதுக்கு வந்துருக்காங்க? மிக்தாலியா நல்லாருக்கா, அதுக்கு நன்றி சொல்ல. அவ நடுவுல உக்காந்துருக்கா, நீலச் சட்ட போட்டுக்கிட்டு. மேசை மேல மூணு ராஜாக்களும் குதிர மேல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல பக்கத்து வீட்டு ப்ரோவி அம்மா. ப்ரோவி அம்மா காதுல ஒரு சேதி விழுந்தா என் ஸ்பீக்கர் வண்டியே தேவையில்ல. அந்த நேரத்துல அந்த எடத்துல பொதுவா உங்க உடம்பு எப்படின்னு கேள்வி. மோசம்னு எப்படிப் போடுறது? ராஜாக்கள பொய்யாக்குறதா? எங்கம்மா முட்டி தேஞ்சத பொய்யாக்குறதா? பாடிக்கிட்டு இருக்கிறவங்க வாயில சோறு இருக்கு மிஸ். ரொம்ப நல்லதுன்னு டிக் போட்டாச்சு. அடுத்ததுக்கும் போட்டாச்சு. பனி அள்ளுறதுல சிரமமே இல்லன்னு போட்டாச்சு. நடுவுல நாலஞ்சு எடத்துல வெறும் நல்லது. எல்லாமே ரொம்ப நல்லதுன்னா நம்ப மாட்டாங்கல்ல.

அதான் தொண்ணூத்தியொண்ணு. அவ ஃபைலு அலமாரில ஏறிருச்சு. நல்லாருக்கிறவங்க அடுக்குல. டாக்டர் பின்னால எடுத்துக் காட்டுனாரு, சேப்புப் பேனால வட்டம் போட்டுருந்துச்சு. இவங்க இவ்வளவு நல்லாருந்தாங்களேன்னு அவரே கேட்டாரு. என்னத்தச் சொல்றது. நல்லாருந்தா, கடவுள் புண்ணியத்துலன்னு சொல்லிட்டு வந்தேன்.

அதே வருஷம் பிப்ரவரி கடைசில போயிட்டா. நாப்பது வயசு. எனக்கு அப்ப நாப்பத்திரெண்டு, என்னவிட ரெண்டு வயசு சின்னவ.

இல்ல, தண்ணி வேணாம். பேசிக்கிறேன்.

சேதி யாரு படிப்பா? நான்தான் படிக்கணும். அவில்தா வேணாம்னா, பக்கத்து ஊர்லருந்து ஆளு கூப்பிடலாம்னா. ஊர்ல எல்லாருக்கும் படிச்சுட்டு என் தங்கச்சிக்கு இன்னொருத்தன் படிக்கிறதா? ஏறி உக்காந்தேன். மைக்கப் புடிச்சேன். பேரு, ரெண்டு குடும்பப் பேரு, பட்டப்பேரு மிக்தா, ஸ்கூல்ல சோறு போட்டவ, அண்ணன் நான், அண்ணி, அவ வளத்த எங்க அக்காவோட ரெண்டு புள்ளைங்க, எங்க வச்சுருக்கு, எத்தன மணிக்கு எடுக்குறோம், எல்லாம் ஒரே மூச்சுல மிஸ். எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. எங்கயும் நிக்கல, எங்கயும் இழுக்கல. பத்து தெருவுலயும் அப்படித்தான் படிச்சேன். ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? யார் யாருக்கோ தொண்ட அடைச்சவனுக்கு சொந்தத் தங்கச்சிக்கு ஒரு விக்கல் வரல பாத்தியான்னு சொல்லுச்சு. ப்ரோவி அம்மா எங்கிட்டயே சொன்னாங்க. கல்லுன்னாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளு எனக்குப் பேசவே மூச்சு இல்ல.

இந்த வருஷம் ராஜாக்களுக்குச் சோறு போடல. அவங்களும் வந்து கேக்கல.

எனக்கு அந்தப் பக்கம் போறதுக்கு இஷ்டமான்னு கேக்குறீங்களா? அது பேப்பர்ல இல்லயே. நீங்களா கேக்குறீங்க. சரி. பயமா இருக்கு. அங்க போனா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே மாசக்கணக்கா இருக்கணுமாம், கூப்பிட்டா ஓடுறதுக்கு. நான் எங்க ஓடுறது. அவில்தா போறதுக்குப் பொட்டி கூட வாங்கிட்டா, கட்டிலுக்கு அடில ஒளிச்சு வச்சுருக்கா, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அங்க போனா பனியும் இருக்கும். அள்ளிப் பாத்துட்டு உங்களுக்குச் சரியான பதில் எழுதிப் போடுறேன். ஆனா இருக்கணும்னு ஆசையா இருக்கு மிஸ். வெக்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. அவ போன அதே வழில எனக்கு மட்டும் கதவு தெறக்குதுன்னா, நொழைய ஆசையா இருக்கு.

சரி, மொதக் கேள்வி பாக்கி இருக்கு. கேளுங்க.

பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்கு.

மோசம்.

இல்ல, வேற ஒண்ணும் சேக்காதீங்க. கடவுள் புண்ணியமெல்லாம் வேணாம். மோசம், அவ்வளவுதான். பேனாவக் குடுங்க, இத மட்டும் நானே போடுறேன். எங்க அந்தக் கட்டம், கடைசியா? இருங்க, கண்ணாடி. இதானே? ஆங்.

கட்டத்த விட்டு வெளிய போயிருச்சா? அப்படித்தான் போகும். என் டிக்கு எப்பவும் கோணல்தான், வாலு அடுத்த கட்டம் வரைக்கும் நீளும். உங்க கட்டுல மிக்தாலியா பேப்பர் இருக்குன்னீங்கல்ல, எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. முப்பத்தாறுலயும் இதே வாலு இருக்கும்.

அவளுக்குக் கண்ணு தெரியாதுல்ல மிஸ். கேள்வியப் படிச்சது நான். டிக் போட்டதும் நான். மொதக் கேள்விக்கு அவ கைய இப்படி, இந்தா இப்படி ஆட்டுனா. சுமார்கூட இல்லண்ணான்னு. நான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி ரொம்ப நல்லதுன்னு படிச்சேன். குரல்தான் நம்ம தொழிலாச்சே. எல்லாரும் கை தட்டுனாங்க. அவளும் தட்டுனா.

அடுப்படில பாத்திரச் சத்தம் நின்னுருச்சு. அவில்தா கேட்டுட்டா. அவளுக்கும் இன்னிக்குத்தான் தெரியும். கேக்கட்டும்.

மிச்சம் எத்தன கேள்வி இருக்கு? கேளுங்க.